ஐவாய் பிடித்தவன்

கூகைமலையில் நடந்த கதை இது. இதில் வருகிற எல்லாரும் கத்திக்கொண்டேதான் இருப்பார்கள். சாந்தமான ஆள் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. ஆசானும் அப்படித்தான்.

ஆசான் ஒரு பெண்பிள்ளை. செங்காயி என்று பேர். அந்த மலையில் வில் பிடிக்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும் அவளிடம் பழகினவர்கள். அவளைவிட வயசில் மூத்தவர்களும் அதில் உண்டு. அவள் ஒரு சத்தம் போட்டால் எதிர்ச்சரிவில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அங்கே தினைதான் சோறு. அந்தத் தினைக்குக் காட்டுப்பன்றிதான் எமன். ஒரு கூட்டம் இறங்கிவிட்டால் ஒரு வீட்டின் வருஷத்துச் சாப்பாடு விடிவதற்குள் மண்ணோடு மண்ணாகிவிடும். வில்லும் காவலும் அதற்காகத்தான்.

வில்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைக்கருவி இருந்தது. உள்ளங்கை நீளத்தில் ஒரு இரும்பு. அதற்கு ஐந்து வாய். ஒன்று அரம், ஒன்று குத்தூசி, ஒன்று கத்தி. மரத்தில் ஏறிப்போன அம்புமுனையைப் பிடுங்க ஒரு பிளவு. கோணின அம்பை விட்டு நிமிர்த்த ஒரு துளை. ஐவாய் என்று சொல்வார்கள். காட்டுக்குள் வில்லுக்கு என்ன வந்தாலும் அந்த ஒரு இரும்பு பார்த்துக்கொள்ளும்.

ஐவாய் வைத்திருக்கிறவன் வில் எடுக்கக் கூடாது. கடைசி ஆளாகத்தான் நடப்பான். ஆனால் புறப்படும் முன்னால் எல்லாரும் தங்கள் வில்லை அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் நாண் மாட்டுகிற இரண்டு காடியையும் கட்டைவிரலால் தடவுவான். நாணை மேலிருந்து கீழ்வரைக்கும் தடவுவான். சரியாக இருந்தால் "போ" என்பான். அவன் "போ" என்று சொல்லாமல் ஆசானே ஆனாலும் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

அந்தக் காலத்தில் ஐவாய் உலகனிடம் இருந்தது.

உலகனுடைய அப்பன் ஒரு தடவை பன்றியைக் கண்டு மரத்தில் ஏறிவிட்டான். அவனை நம்பி முன்னால் நின்ற ஆள் செத்துப்போனான். மலை அதை மறக்கவில்லை. உலகன் வில்லை விட்டுவிட்டு ஐவாயைக் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று பேசிக்கொள்வார்கள்.

வில்காரர்களில் முதல் ஆள் சடையாண்டி. குறி தப்பாதவன். வாயும் தப்பாது.

அன்றைக்குக் காலையில் பன்றிக்கூட்டம் ஈச்சம்புதரில் அடைந்து கிடக்கிறது என்று சேதி வந்தது. எல்லாரும் வில்லைக் காட்ட வரிசையில் நின்றார்கள். சடையாண்டி முறை வந்தது. உலகன் அவன் வில்லை வாங்கித் தடவினான்.

"என்ன உலகா, தடவித் தடவியே காலத்தை ஓட்டிட்டே" என்றான் சடையாண்டி. "பன்னி எதிர்ல வந்தா இந்த இரும்பை வச்சு அதுக்கு முதுகு சொறிஞ்சு விடுவியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பேசாம நில்லு மச்சான்" என்றான் உலகன்.

"நிக்கறேன்டா. நிக்கறது எங்க வழக்கம். மரத்துல ஏறுறது உங்க வீட்டு வழக்கம்."

இப்போது சிரிப்பு பெரிதாக எழுந்தது. சடையாண்டியின் தம்பி தவசிகூடச் சிரித்தான்.

உலகன் முகம் கறுத்துப்போனது. வில்லைத் திருப்பிக் கொடுத்தான்.

"போ" என்றான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே வேட்டைக்கு இரண்டு இரண்டு பேராக நிற்பார்கள். முன்னால் நிற்கிறவன் பன்றியைத் தன் பக்கம் இழுப்பான். பின்னால் நிற்கிறவன் அம்பை விடுவான். தவசி முன்னால் நின்றான், வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு. அண்ணன் பின்னால் இருக்கிற தைரியம். பன்றி வந்தது. சடையாண்டி நாணை இழுத்தான். பாதி இழுப்பில் நாண் அறுந்தது. அறுந்த வேகத்தில் வில் நடுவில் வெடித்தது. பன்றி நேராகத் தவசியின் தொடைக்குள் போனது.

உச்சிப்பொழுதில் தவசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் வைத்தியர். ஆனால் நரம்பு போய்விட்டது, இனி அந்தக் காலை இழுத்துத்தான் நடப்பான் என்றார்.

சடையாண்டி தம்பியை வீட்டில் போட்டுவிட்டு நேரே ஆசானிடம் வந்தான். ஒரு கையில் உடைந்த வில். இன்னொரு கையில் உலகனின் கழுத்துத்துண்டு. அந்தத் துண்டோடு சேர்த்து உலகனை இழுத்துக்கொண்டு வந்தான்.

"இவனை மலையை விட்டு இறக்குங்க" என்றான். "இன்னைக்கே. இப்பவே."

"துண்டை விடு" என்றாள் செங்காயி.

"விட மாட்டேன்."

"சடையாண்டி, துண்டை விடு!"

எதிர்ச்சரிவில் ஆடுகள் தலையைத் தூக்கின. சடையாண்டி கையை எடுத்தான்.

"என் கோபம் நியாயமா இல்லையா ஆசானே? அதை மட்டும் சொல்லுங்க."

"நியாயம்தான்" என்றாள் அவள். "வில்லைக் கொடு."

உடைந்த வில்லை மடியில் வைத்துக்கொண்டு அறுந்த நாணின் முனையைப் பார்த்தாள். நாண் நடுவில் அறுந்திருக்கவில்லை. மேல்காடிக்குப் பக்கத்தில், கத்தியால் வெட்டினதுபோல அறுந்திருந்தது. அவள் நாண் திரிக்கிற மருள் நார் ஒன்றை எடுத்துக் காடியில் போட்டு மெல்ல இழுத்தாள். நார் இரண்டாக வந்தது.

காடியின் உள்விளிம்பில் ஒரு சிலாம்பு எழுந்து நின்றது. மூங்கில் சிலாம்பு. கத்தி மாதிரி.

"இது எப்படி வந்தது?"

சடையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மூங்கில் தானா இப்படி எழும்பாது. எதுலயோ அடிபட்டிருக்கு. எப்படி வந்தது?"

"நேத்துச் சாயங்காலம் ஒரு பன்னி தப்பிடுச்சு" என்றான். "கோபத்துல பாறையில ஒரு அடி அடிச்சேன்."

"வில்லாலயா?"

"ஆமா, வில்லாலதான்! அதுக்கென்ன இப்போ? அடிபட்ட வில்லைக் கண்டுபிடிக்கத்தானே ஐவாய்க்காரன் இருக்கான்? நான் அடிச்சேன். பார்க்க வேண்டியவன் இவன். இவன் ஏன் பார்க்கலை?"

சுற்றி நின்றவர்கள் ஆசானைப் பார்த்தார்கள். வில்லால் பாறையை அடித்த ஒருத்தனை அவள் முன்னொரு தடவை ஊரைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறாள்.

"அது உண்மைதான்" என்றாள் அவள். "உலகா, ஏன் பார்க்கலை?"

உலகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கத் தவறிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெளிச்சம் குறைவு என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"பார்த்தேன்" என்றான்.

செங்காயி வில்லை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"கட்டைவிரல்ல குத்துச்சு. அரத்தையும் எடுத்துட்டேன். ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா சரியாயிருக்கும். அப்பத்தான் அவன் எங்கப்பனைச் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. வில்லைக் கொடுத்துட்டேன்."

சடையாண்டி பாய்ந்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்து இழுத்தார்கள்.

"பார்த்தியாடா! பார்த்துட்டே கொடுத்தியாடா! என் தம்பி என்னடா பண்ணினான் உனக்கு?"

"உன் தம்பியும் சிரிச்சான்" என்றான் உலகன். சொன்ன பிறகு அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

செங்காயி எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்து எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. சத்தமே இல்லை. உலகன் முன்னால் வந்து நின்றாள்.

"அவன் உன்னைப் பேசினான். நீயும் பேசியிருக்கலாம்."

உலகன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"கல்லை எடுத்து அவன் மண்டையில போட்டிருக்கலாம். நான் வந்து விலக்கி விட்டிருப்பேன்."

அவள் இன்னும் ஒரு அடி கிட்ட வந்தாள்.

"ஐவாயைத் தூக்கி எறிஞ்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். 'போ'ன்னு ஏன்டா சொன்னே?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் சத்தம் வந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள்.

அவள் கையை நீட்டினாள். உலகன் இடுப்பில் இருந்த ஐவாயை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இறக்கிடுங்க ஆசானே" என்றான் சடையாண்டி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கு மேல என்ன இருக்கு? அவனே ஒத்துக்கிட்டான்."

"இறக்கலாம். தினை அறுப்பு முடியட்டும்."

"அறுப்பு முடியணுமா?"

"தவசியைக் குத்தின பன்னி ஈச்சம்புதர்லதான் கிடக்கு. சாயங்காலம் தினைக்கு வரும். தினைக்காவல்ல தவசி நிக்கற மூலை காலியா இருக்கு. யாரு நிக்கறது?"

"நான் நிக்கறேன்."

"எந்த வில்லை வச்சுக்கிட்டு?"

"தம்பி வில்லு இருக்கு."

"கையை நீட்டு."

நீட்டினான். காற்றில் இலை ஆடுகிற மாதிரி ஆடியது.

"இந்தக் கையில நான் வில்லைக் கொடுக்க மாட்டேன். வேற யாரையாவது அடிச்சு வைப்பே" என்றாள். "தவசி வில்லை உலகன் எடுக்கட்டும். அந்த மூலையில இவன் நிக்கட்டும்."

கூட்டம் முழுக்க முணுமுணுத்தது. உலகன் நிமிர்ந்து பார்த்தான். அவன் வில் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"இவனா? இவன் மரத்துல..."

"வாயை மூடு!" என்றாள் செங்காயி. "அந்தப் பேச்சு இன்னைக்கு ஒரு காலைத் தின்னுடுச்சு. போதாதா?"

சடையாண்டி மூடிக்கொண்டான்.

அவள் ஐவாயை அவன் பக்கம் நீட்டினாள். "இந்தா."

"எதுக்கு?"

"வில்லு இல்லாத ஆள் நீ ஒருத்தன்தான். இதை யாராவது பிடிக்கணுமில்ல."

"நடுங்குற கையில வில்லு ஆகாது, இது மட்டும் ஆகுமா?"

"இது உட்கார்ந்து செய்யற வேலைதானே. வாங்கு."

சடையாண்டி வாங்கினான். சின்ன இரும்புதான். ஆனால் அவன் கை கீழே இறங்கியது.

பொழுது சாய ஆரம்பித்ததும் காவலுக்குப் போகிறவர்கள் வில்லைக் காட்ட வந்து நின்றார்கள். வழக்கமாக இருக்கிற கேலிப்பேச்சு ஒன்றும் இல்லை. ஒருத்தன் இருமினான், அவ்வளவுதான். சடையாண்டி பாறையில் உட்கார்ந்திருந்தான். முதல் ஆளாக உலகன் வந்தான். செங்காயி அப்படித்தான் நிறுத்தியிருந்தாள். நிறுத்திவிட்டு அவள் கொஞ்சம் தள்ளிப் போய் அம்புகளின் இறகைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

உலகன் வில்லை நீட்டினான்.

தம்பியின் வில். பிடியில் தம்பியின் கை வியர்வை ஏறிக் கறுத்திருந்தது. சடையாண்டி அதை வாங்கி மேல்காடியைத் தடவினான். வழவழவென்று இருந்தது. கீழ்க்காடியும் அப்படித்தான். தவசி எப்போதுமே வில்லைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்வான்.

நாணைத் தடவினான். அம்பு வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டைவிரல் நின்றது.

காலையில் தவசி மல்லாக்க விழுந்தபோது முதுகில் கிடந்த நாண் பாறையில் உரசியிருக்கிறது. சுற்றியிருந்த நூல் அவிழ்ந்து, உள்ளே பாதி நார் தேய்ந்துபோய்விட்டது. மேலே தவசியின் ரத்தம் காய்ந்து மூடியிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரிந்தது. சும்மா பிடித்தால் தாங்கும். பன்றி ஓடி வரும்போது முழுசாக இழுத்தால் தாங்காது.

சடையாண்டி நிமிர்ந்தான். வரிசையில் நின்றவர்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆசான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் உலகன் அந்த மூலைக்குப் போவான். பன்றி அந்த மூலைக்கு வரும். மற்றதைப் பன்றி பார்த்துக்கொள்ளும். சடையாண்டியை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. காய்ந்த ரத்தம் மூடியிருந்தது என்பான். நான் புது ஆள் என்பான்.

அந்த வார்த்தை அவன் பல் வரைக்கும் வந்துவிட்டது.

உலகனைப் பார்த்தான். உலகன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சடையாண்டியின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எந்த இடத்தில் நின்றதோ, சரியாக அந்த இடத்தை.

"உனக்குத் தெரியும்" என்றான் சடையாண்டி, மெதுவாக.

"ம்."

"எப்பத் தெரியும்?"

"வில்லைக் கையில எடுத்ததும்."

"தெரிஞ்சுமா பேசாம நீட்டினே?"

"நீட்டறதுதானே என் வேலை" என்றான் உலகன். "ஐவாய் உன்கிட்ட இருக்கு."

"நான் 'போ'ன்னா?"

"போவேன்."

சடையாண்டிக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. மத்தியானம் வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இவன் செத்தாலும் ஆத்திரம் தீராது, பிழைத்தாலும் தீராது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து ஒரு உதை விடலாமா என்றிருந்தது. வில்லை அவன் மேலேயே வீசலாமா என்றிருந்தது. வீசுவதற்குக் கையைத் தூக்கியும் விட்டான்.

தம்பியின் வில் அது. கை அப்படியே நின்றது.

"உட்காருடா!" என்று கத்தினான்.

வரிசையில் நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"உட்காருடா நாயே! நாண் நைஞ்சு நாறிக் கிடக்கு. இதை எடுத்துக்கிட்டு எங்கடா போறே? சாகவா? உன் பொணத்தைத் தூக்கறதுக்கு வேற எங்க முதுகு வேணுமா?"

உலகன் அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"நாரை எடு. அந்தப் பையிலதானே வச்சிருப்பே? எடுடா! மெழுகு எங்க? எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருப்பான், திருட்டுப்பயல்."

உலகன் நாரையும் தேன்மெழுகையும் எடுத்துக் கொடுத்தான். சடையாண்டி நாணை அவிழ்த்துத் தொடைமேல் போட்டான். ஐவாயின் கத்தியால் தேய்ந்த நூலை அறுத்தெடுத்தான். காய்ந்த ரத்தம் பொடிப்பொடியாக அவன் வேட்டியில் விழுந்தது. அதைத் தட்டிவிடவில்லை. புது நாரைச் சேர்த்து முறுக்கினான். குத்தூசியால் இழையைப் பிரித்து உள்ளே கொடுத்து வாங்கினான். பழக்கமில்லாத கை. ஒரு தடவை ஊசி விரலிலேயே ஏறியது.

"அந்தப் பக்கமா வாங்கணும்" என்றான் உலகன்.

"எனக்குத் தெரியும்!"

அந்தப் பக்கமாகவே வாங்கினான்.

"அந்த முனையைப் பிடி. இழுத்துப் பிடிடா. சோறு திங்கற கைதானே அது?"

உலகன் முனையைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாணின் இரண்டு பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. சடையாண்டி நூலைச் சுற்றச் சுற்றத் திட்டிக்கொண்டே இருந்தான். உலகனைத் திட்டினான், பன்றியைத் திட்டினான், பாறையைத் திட்டினான். கடைசியில் தன் கையைத் திட்டினான். நடுவில் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் திட்டினான்.

செங்காயி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் நிழல் நாண்மேல் விழுந்தது.

சடையாண்டி தலையைத் தூக்கவில்லை.

"இவனை நான் மன்னிச்சுடணும்னு சொல்றீங்களா ஆசானே?"

"அப்படி யார் சொன்னது?" என்றாள் செங்காயி. "நூலை இறுக்கிக் கட்டு."